மாவின்மூட்டு வெயில்

அத்தியாயம் 14

போன வாரம் செண்பகவல்லியை அடுப்படியில் விட்டுவிட்டு வந்தோம். தகப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசாத வீட்டில், இரண்டு தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு, யாரை முதலில் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றாள். இப்போதும் அங்கேயேதான் நிற்கிறாள்.

"சுப்பு, ஆறிப்போகுதுடே."

"எனக்கு வேண்டாம்மா."

"அப்பா சாப்பிட்டாவளான்னாவது கேளு."

"நீங்க கேளுங்க. எங்களுக்குள்ள பேச்சில்லன்னு பஸ் கண்டக்டருக்கே தெரியும்."

பெல்பாட்டத்தில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, கையில் கறுப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டான்.

பேச்சு நின்ற காரணம் ஒரு மாமரம்.

கரமனைப் பாலம் தாண்டி, நாகர்கோவில் ரோட்டில் கொஞ்சதூரம் போனால் அந்த மரம். அதன் அடியில் மூன்று கடை. மரத்துக்கு மலையாளத்தில் மாவு. அதன் அடிக்கு மூடு. ஆகவே ஊருக்குப் பெயர் மாவின்மூடு. செண்பகவல்லி பணகுடியிலிருந்து மஞ்சள் ஈரம் காயாமல் வந்து இறங்கியபோது இங்கே ஊரே கிடையாது. சாலைக் கம்போளத்துச் சந்தைக்குப் போகிற வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு நிழலில் படுத்திருப்பார்கள். அவர்களை நம்பித்தான் அவள் புருஷன் நயினார் பிள்ளை ஒரு பெட்டியில் வெற்றிலையும் பீடியும் வைத்து உட்கார்ந்தார். பெட்டி பலசரக்குக் கடையானது; கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. மைதீன் டீக்கடை போட்டார். சத்தியநேசன் சைக்கிள் கடை போட்டான். சாயங்கால வெயிலுக்கு நிழல் எதுவரை விழுந்ததோ அதுவரைதான் கடை. அதற்கப்பால் ஒருத்தரும் சுவர் எழுப்பவில்லை. அப்புறம்தான் சர்க்கார் குமாஸ்தாக்கள் வயலை மண் போட்டு நிரப்பி, காலனி கட்டிக் குடிவந்தார்கள். கடை முதலில், ஊர் பின்னாலே.

இப்போது ரோட்டை அகலப்படுத்த வேண்டுமாம். நேரே கோடு போட்டால் மூன்று கடையும் போகும். குறுக்கே மரம் நிற்பதால் கோடு இத்தனை நாளும் வளைந்தே கிடந்தது. மரமும் கடை நிற்கிற மண்ணும் வலிய வீட்டுக்குச் சொந்தம். வலிய வீட்டுப் பெரியவர் பரமேஸ்வரன் தம்பி (தம்பி என்பது அந்த வீட்டுப் பட்டம்), மந்திரி வரை செல்வாக்குள்ள மனுஷர், கடை வாசலில் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "நான் இருக்கும்வரை இந்த மாவில் ஒருத்தனும் தொடமாட்டான்."

"அதை எழுதி வாங்குங்கப்பா" என்றான் சுப்பு.

"அவரு சொல்லுக்கு எழுத்து கேக்கவா? நாக்கு அழுகிப்போகும்" என்றார் நயினார் பிள்ளை.

அன்றோடு நின்றது பேச்சு.

இன்றைக்குப் புது எஞ்சினீயர் கல் நாட்ட வருகிறார். வளைவு ஆபத்து, ரோடு நேரேதான் போகவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் மூன்று கடையும் அடைப்பு. நிரைப்பலகைகளை வரிசையாகச் செருகிப் பூட்டிவிட்டு, எல்லாரும் மரத்தடியில் சமரம் என்று மறியலுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். சத்தியநேசன்தான் தலைவன். காலனியிலிருந்தும் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

புறவாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"மைனி, ஒரு சாயா கெடைக்குமா?"

மைதீன்தான். தலையில் போட்ட துண்டை முகம்வரை இழுத்துவிட்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் சாயா ஆத்துற மனுஷன் எங்கிட்ட வந்து நிக்கீங்களே! இன்னைக்கு அடைப்பில்லா?"

"கடைக்குத்தான் மைனி அடைப்பு. தொண்டைக்கு இல்லையே. சத்தியநேசன் பாத்தான்னா என்னையும் எதிர்க்கட்சியில சேத்துருவான். சீக்கிரம்."

சிரித்தபடியே ஆற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மைதீன் தம்ளரைக் கீழே வைக்குமுன் முன்பக்கத்தில் சத்தம் கேட்டது. கூட்டம் கூடிய சத்தமல்ல. இருந்த சத்தம் சட்டென்று அடங்கிப்போன சத்தம். வலிய வீட்டுக் காரியஸ்தன் கோபாலன் வெறுங்காலோடு ஓடிவந்து கடை முன்னால் நின்றான்.

"அண்ணாச்சி... வலியேமான் போயி."

பெரியவர் போய்விட்டார் என்று விளங்கியதும் நயினார் பிள்ளை எழுந்தார். மேல்துண்டு தானாக இடுப்புக்கு வந்தது.

"எப்பம்?"

"இப்போ. காப்பி குடிச்சோண்டு இருந்ததாணு. கிளாஸ் கையில தன்னே இருந்நு."

சத்தியநேசன் கைத்தண்டில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்தான். ஒவ்வொருவராக மற்றவர்களும் அவிழ்த்தார்கள். சுப்பு மட்டும் அவிழ்க்கவில்லை.

"சாமானம் வேணும் அண்ணாச்சி" என்றான் கோபாலன்.

நயினார் பிள்ளை சத்தியநேசனைப் பார்த்தார். சத்தியநேசன் தலையை ஆட்டினான். "எடுத்துக் குடுங்க அண்ணாச்சி. சாவுக்கு என்ன அடைப்பு?"

நயினார் பிள்ளை கடையில் ஒரு வழக்கம் உண்டு. இந்த ரோட்டோரத்தில் எல்லாருக்கும் அது தெரியும். சாவு வீட்டுக்குச் சாமான் கேட்டு வந்தால், எந்த நேரமானாலும், நடுவில் ஒரே ஒரு பலகையை மட்டும் எடுத்து அந்தச் சந்து வழியாகக் கொடுப்பார். இல்லை என்று சொல்லக்கூடாது. விலை பேசக்கூடாது. எதற்கு என்று கேட்கக்கூடாது. ஒற்றைப் பலகை திறந்திருப்பதைப் பார்த்தாலே பஸ்ஸில் போகிறவன்கூட யார் வீட்டிலோ சாவு என்று தெரிந்துகொள்வான்.

பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். செண்பகவல்லி பின்னாலிருந்து எடுத்து எடுத்து நீட்டினாள். கோடித் துணி. எள். சூடம். நெய். தேங்காய். பச்சரிசி.

"பின்னே..." கோபாலன் எச்சில் விழுங்கினான். "வடம் வேணும் அண்ணாச்சி. கட்டியுள்ளது. நீளத்தில."

நயினார் பிள்ளை உத்தரத்தில் தொங்கிய கயிற்றுச் சுருளை இறக்கினார். கிணறு வெட்டுகிறவர்கள் கேட்டால் கொடுப்பதற்காக வைத்திருந்த வடக்கயிறு. முனை பிரியாமல் இருக்க அவரே சணல் சுற்றி முடிச்சுப் போட்டது.

"இங்கேருங்க." செண்பகவல்லி தணிந்த குரலில் கேட்டாள். "இம்புட்டு தண்டிக் கயிறு என்னத்துக்கு? அவங்க பாடை கட்டுதது இல்லையே. வீட்டுத் தோட்டத்துப் பறம்பிலேயே எரிக்கிறவங்க."

"சும்மா இருளா."

"இல்ல, கேட்டுப் பாத்தா என்ன?"

"சாவுக்குப் போற சாமானை எதுக்குன்னு கேக்கப்படாது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்துத, தெரியாதா ஒனக்கு?"

கயிறு சந்து வழியாகப் போயிற்று. தோளில் போட்டுக்கொண்டு கோபாலன் அவளை ஒரு தரம் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பார்வைதான் அவளை நிற்கவிடவில்லை. அடுப்படிக்கு வந்தாள். அடுப்பில் விறகு புகைந்துகொண்டிருந்தது. மாஞ்சிராய். போன மழைக்கு முன்னால் பெரியவரின் மருமகன், சகோதரி மகன், விக்ரமன் தம்பி லாரி கொண்டுவந்து, வீட்டுக்குத் தெற்கே நின்ற மாமரங்களையெல்லாம் பெட்டி அடிக்கிற கம்பெனிக்கு விற்றார். சிதறிய சிராயைப் பொறுக்கச் செண்பகவல்லியும் கூடையோடு போயிருந்தாள். அந்த விறகில்தான் இன்றைக்கு இட்லி வெந்தது.

வலிய வீடு மாதிரி நாயர் வீட்டில் பெரியவர் போனால் சொந்தப் பறம்பில் நிற்கிற மாவை வெட்டித்தான் சிதை அடுக்குவார்கள். அதற்கென்றே தெற்கே மரம் விட்டிருப்பார்கள். தெற்கே இப்போது மரமில்லை. வலிய வீட்டு மண்ணில் மிச்சம் நிற்கிற மாவு ஒன்றே ஒன்று.

"அடப்பாவி" என்றாள், யாரைச் சொன்னோம் என்று தெரியாமல்.

புறவாசல் வழியாகவே ஓடினாள்.

வலிய வீட்டு முன்னறையில் பெரியவரை வெறுந்தரையில் வாழையிலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. தேங்காய் மூடியில் திரி எரிந்தது. கால்மாட்டில் அவருடைய தங்கை பாருக்குட்டி அம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வா மகளே" என்றாள் அம்மை.

செண்பகவல்லிக்கு அழுகை வரவில்லை. அழவேண்டிய இடம், வழக்கமாக வருகிற கண்ணீர்தான், வரவில்லை.

"அம்மை, கேக்கப்படாத நேரத்தில ஒண்ணு கேக்கேன். மன்னிக்கணும்."

"சொல்லு."

"ரோட்டு மாவை வெட்டப் போறாவ. அது வேண்டாம் அம்மை. நேமத்தில எங்களுக்குத் தெரிஞ்ச ஆளுண்டு. வேற மாவு வெட்டி வண்டியில கொண்டுவந்து இறக்குதோம். கொஞ்ச நேரம் பொறுத்தாப் போதும்."

பாருக்குட்டி அம்மை அண்ணனின் காலடியில் கிடந்த வாழையிலையை நேராக்கினாள்.

"செண்பகம், ஏட்டன் ஆயுசில் ஒருத்தன் முற்றத்தில் போய் இரந்தது இல்ல. கடைசியில அடுத்தவன் மரத்திலேயா எரியணும்?"

"அம்மை, அந்த மரம் போனா நாங்க..."

"எனக்கு அறியாம். எனக்குத் தெரியும், மகளே. நான் என்ன செய்யட்டு?"

வாசற்படியில் நிழல் விழுந்தது. விக்ரமன் தம்பி. ஈர வேட்டி, சட்டையில்லாத உடம்பு. பேசியது என்னவோ மெதுவாகத்தான்.

"வேறே மாவு இல்ல."

"இருந்துச்சே தம்பி. தெக்கே நெறைய நின்னுதே."

"இருந்நு. இப்போ இல்ல."

"நீங்கதானே..."

"ஆமாம், நான்தான். அம்மாவன் இத்தனை வேகம் போவார்னு எனக்கு யாரும் சொல்லலை." அவர் கண் சிவந்திருந்தது. அழுது சிவந்ததா, வேறெதுவா, அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. "இனி நீங்க தன்னே சொல்லுங்க. அம்மாவனைத் தென்னமட்டையில் கிடத்தவோ?"

ஒரு கடை போகும் என்று சொல்லிப் பிணத்தைக் காக்க வைக்க முடியுமா? அவள் பெரியவரின் முகத்தைப் பார்த்தாள். தொடமாட்டான் என்று சொன்ன வாய் துணியால் கட்டியிருந்தது.

கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

ரோட்டுக்கு வரும்போதே வாள் அறுக்கிற சத்தம். மரத்தின் மேல்கிளையில் ஒருவன் வடத்தைக் கட்டி இறங்கிக்கொண்டிருந்தான். சமரம் உட்கார்ந்தவர்களெல்லாம் எழுந்து ஓரமாக நின்றார்கள்.

"என்னவே சத்தியநேசா, சும்மா நிக்கே?" என்றார் மைதீன்.

"என்ன சொல்லச் சொல்லுதீரு? சர்க்கார் வந்தா மறிக்கலாம். போலீஸ் வந்தா மறிக்கலாம். பிணத்தை எப்படிவே மறிக்கது?"

சுப்பு மட்டும் எழுந்திருக்கவில்லை. மரத்தின் தூரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வாள்காரர்கள் கையை நிறுத்திக் கோபாலனைப் பார்த்தார்கள்.

நயினார் பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எந்திரிடா."

மாதக்கணக்கில் அவர் மகனிடம் பேசிய முதல் வார்த்தை.

"மாட்டேன்."

"செத்தவருக்கு வழி மறிக்கிறவன் எனக்குப் பிள்ளை இல்ல."

"அப்பா." சுப்பு விரலை மேலே நீட்டினான். "அது யாரு கடைக் கயிறு?"

நயினார் பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். கிளையிலிருந்து வடம் தொங்கியது. முனையில் சணல் சுற்றியிருந்தது. அவர் போட்ட முடிச்சு. பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றான் சுப்பு. "எதுக்குன்னு ஒரு வார்த்தை."

நயினார் பிள்ளை மகனிடம் கையை நீட்டினார். வேறு யாருடைய குரலோ போல, "எந்திரி மக்கா. வெயில்ல இருக்காதே" என்றார்.

மக்கா என்று கூப்பிட்டுப் பல வருஷம் ஆயிற்று. சுப்பு எழுந்தான்.

தூர் பாதிக்குமேல் அறுத்ததும் மரம் ஒரு பக்கமாக முனகியது. கடைகள் நிற்கிற பக்கம்.

கோபாலன் கையைக் கூப்பிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணாச்சிமாரே, எல்லாரும் ஒரு கை பிடிக்கணும். வடம் பிடிச்சு ரோட்டுக்கு இழுக்கணும். இல்லேங்கில் கடைமேல வீழும்."

யாரும் அசையவில்லை. மரம் மறுபடி முனகியது. முதலில் மைதீன் போனார். அப்புறம் சத்தியநேசன். அப்புறம் நயினார் பிள்ளை, மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு. கடைசியில் சுப்புவும் போய்த் தகப்பனுக்குப் பின்னால் நின்று பிடித்தான். தகப்பனும் மகனும் ஒரே கயிற்றில் சேர்ந்து நின்றதைப் பார்க்க அவள் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். இப்படியா?

"ஏலேலோ" என்று யாரும் கூவவில்லை. சத்தமில்லாமல் இழுத்தார்கள்.

மரம் ரோட்டில் விழுந்தது. கடைகளில் ஒரு ஓடுகூட உடையவில்லை. பங்குனி மாதமல்லவா, கிளை நிறைய மாவடு. ரோடு முழுக்கச் சிதறி உருண்டது. காலனிப் பெண்கள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கூடை கொண்டுவந்து பொறுக்க ஆரம்பித்தார்கள்.

"எடுத்தோட்டே சேச்சி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எடுத்துக்கிடுங்க" என்றாள் செண்பகவல்லி. அவள் குனியவில்லை.

மரத்தைத் துண்டுபோட்டு வண்டியில் ஏற்றிய பிறகுதான் எஞ்சினீயரின் ஜீப் வந்தது. இறங்கினார். விசாரித்தார். செத்தவருக்காகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ரோட்டைப் பார்த்தார். நடுவில் எதுவும் இல்லை. நேராகக் கிடந்தது. கல்லை நாளைக்கு இறக்கலாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் நயினார் பிள்ளை கடைக்குள் உட்கார்ந்திருந்தார். ஒற்றைப் பலகை எடுத்த சந்து வழியாக வெயில் உள்ளே வந்தது. மேற்கு பார்த்த கடை. கடை போட்ட நாளிலிருந்து இங்கே வெயில் வந்ததில்லை. கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் ஒரு கோடாக விழுந்து, கற்கண்டு பாட்டிலில் ஏறி, அவருடைய முழங்காலில் வந்து நின்றது.

செண்பகவல்லி ஒரு சாக்கை எடுத்து மறைக்கப் போனாள்.

"வேண்டாம். விடு."

"கருப்பட்டி இளகிருமே."

"இளகட்டு."

வெளியே ஒரு காலனிப் பெண் எட்டிப் பார்த்தாள். மடியில் மாவடு கட்டியிருந்தாள். "அண்ணாச்சி, கடை தொறந்தோ? உப்பு வேணும், ரெண்டு கிலோ."

நயினார் பிள்ளை கொஞ்சநேரம் அவளைப் பார்த்தார். அப்புறம் எழுந்தார். "தொறந்தாச்சு" என்று சொல்லிவிட்டு மிச்சப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவினார். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பலகை அகல வெயில் உள்ளே வந்து விழுந்தது. கடைசிப் பலகையை எடுத்தபோது, மூலையில் இருந்த ஒட்டடைகூடத் தெரிந்தது. உப்பைக் கட்டிக் கொடுத்தார்.

"இங்கேருங்க. சுப்பு எங்க?"

"சத்தியநேசன் கூட இருப்பான்."

சைக்கிள் கடை வாசலில் சத்தியநேசன் தனியாக உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தாள். இட்லி மூடியபடியே இருந்தது. ஆணியில் சுப்புவின் கறுப்புத் துணி தொங்கியது.

திரும்பி வந்தபோது கடை முன்னால் கோபாலன் நின்றான். தோளில் வடச்சுருள்.

"இதை ஏன்டே கொண்டுவந்த?" என்றாள். "சாவுக்குப் போனது கடைக்குத் திரும்பி வரப்படாது."

"விக்ரமன் தம்பி சொல்லிவிட்டாவ சேச்சி. இனி எதையும் கடனா வச்சுக்கப்படாதுன்னு." கோபாலன் கயிற்றைக் கீழே வைக்காமல் அவள் கையிலேயே கொடுத்தான். "பின்னே, சுப்புவைத் தேடண்டா. அவன் அங்கதான் உண்டு. சிதைக்கு விறகு கீறிட்டு இருந்தான். இப்போ தெக்கேப் பறம்பில தம்பியோட நின்னு பேசுறான். ரெண்டு பேரும் தனியா. என்னையும் தள்ளிப் போகச் சொன்னாவ."

"என்ன பேச்சு?"

"எனக்குத் தெரியாது சேச்சி. ஆனா இனி கடை மண்ணெல்லாம் தம்பி கையிலதானே. அந்தத் தம்பி அவன் தோளில கை போட்டிருந்தாவ."

கடைக்குள் நயினார் பிள்ளையின் கை நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன என்று கேட்கவும் இல்லை.

கையில் கனத்தது கயிறு. மாம்பால் ஒட்டி விரலெல்லாம் பிசுபிசுத்தது. அதை உத்தரத்தில் மாட்ட முடியாது. வாசலில் போட முடியாது. நேற்றுவரை நிழல் விழுந்த இடத்தில், முகத்தில் வெயில் அடிக்க, அதை ஏந்திக்கொண்டே நின்றாள் செண்பகவல்லி. தெற்கே, வலிய வீட்டுப் பக்கம், முதல் புகை கிளம்பியது.